காருகுறிச்சி வளைவுக்குப் பிறகு

2021 செப்டம்பர் முதல் வாரத்தில் டாக்டர் சாலமோன் ஹெப்சிபாவிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். கொரோனா இரண்டாம் அலையில் மனம் நொறுங்கிப்போனவர்களுக்காக அவருடைய அறக்கட்டளை ஜூன் மாதம் வீடியோ வழியாக ஆலோசனை சொல்லத் தொடங்கியிருந்தது. சேர்ந்தவர்கள் முப்பத்தொரு பேர். இப்போது தொடர்ந்து வருகிறவர்கள் ஒன்பது பேர்.

“போனவங்க ஏன் போனாங்கன்னு கேளுங்க ஹெப்சி. இருக்கிறவங்க ஏன் இருக்காங்கன்னும் கேளுங்க. ரெண்டாவது கேள்விதான் முக்கியம்” என்றார்.

ஹெப்சிபாவுக்கு நாற்பத்தொரு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருடம் மனநல ஆலோசகராக இருந்தவள். இந்த வேலையை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு செய்தாள். பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொருவராக அழைத்தாள்.

நாங்குநேரியில் இருந்து பேசிய பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கதவச் சாத்தினா, யாருகிட்டட்டி ரகசியம்னு மாமியா கேக்கா. சாத்தாட்டா அவளும் பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுதா. என் குறையில பாதி அவளப் பத்திதான் மேடம். எப்படிச் சொல்ல?”

இன்னொருத்தி வீட்டில் ஒரே கைப்பேசி. அதைப் பையனின் ஆன்லைன் வகுப்புக்குக் கொடுத்துவிட்டாள். ஒருவருக்கு சிக்னல் கிடைக்க மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். ஏறினால் எதிர்வீட்டு மாடியில் ஆள் நிற்கும். இதெல்லாம் அவள் எதிர்பார்த்த காரணங்கள்தான். எதிர்பாராததை வண்ணார்பேட்டை பாத்திரக்கடைக்காரர் சொன்னார். தம்பியைப் பறிகொடுத்தவர். நாலாவது வாரத்தோடு நிறுத்தியிருந்தார்.

“கோவிச்சுக்கிடாதீங்கம்மா. நான் பேசுதேன், பேசுதேன், அங்கிட்டு ஒரு சத்தமும் இல்ல. கறுப்புக் கட்டத்துக்குள்ள உங்க பேரு மட்டும் இருக்கு. கல்லறைக் கல்லுகிட்ட பேசுத மாதிரி இருந்துச்சு. கடைக்கு வந்து வாங்காம வெல மட்டும் கேட்டுட்டுப் போறவன்கூட, நான் பேசினா ஒரு ‘ம்’ போடுவாம்லா?”

“அண்ணாச்சி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“நீங்க கேட்டது எனக்கு எப்படித் தெரியும்?”

அவரைத் தவிர இன்னும் ஐந்து பேர் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ஹெப்சிபா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த ஒரு பக்கத் தாளைப் பார்த்தாள். வேலை தொடங்கியபோது எல்லா ஆலோசகர்களுக்கும் கொடுத்தது. ‘மலையடிவார ஊர்களில் சிக்னல் குறைவு. எதிர்முனையில் இருப்பவர் பேசும்போது உங்கள் காமிராவையும் மைக்கையும் அணைத்துவிடவும். கேள்வி கேட்கும்போது மட்டும் மைக்கைத் திறக்கவும்.’ அவள் அதை ஒரு தரம்கூட மீறியதில்லை. படம் உறையாமல் இருந்தது, எதிரொலி வரவில்லை. ஆனால் இந்த ஊர்ப்பக்கம் ஒருவர் பேசினால் கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவர் பாதியில் நிறுத்தி, ‘கேக்கியா, தூங்கிட்டியா?’ என்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த தனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியலில் கடைசியாக இருந்தது ஐயம்பெருமாளின் பெயர். பதினான்கு புதன்கிழமைகள். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஐயம்பெருமாளுக்கு முப்பத்திரண்டு வயது. ஆழ்வார்குறிச்சியில் ஒரு சிறிய அமைப்பின் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவன். மே மாதம் கோமு என்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறான். பீடி சுற்றுகிறவள், முப்பத்தாறு வயது, மூச்சுத் திணறல். கூட வர வேண்டிய உதவியாளருக்கு அன்று காய்ச்சல். அவளுடைய கணவர் மகாராஜா பைக்கில் பின்னால் வந்தார். ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அவள் தனியாகப் படுத்திருந்தாள். அவளைத் தூங்கவிடாமல் இருக்க, ஐயம்பெருமாள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்துவைத்து வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. உயிர் போய் அரை மணி நேரமாவது இருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

முதல் அழைப்பிலேயே அவன் சொல்லிவிட்டான். “வண்டியோட ஆத்துக்குள்ள எறங்கிரலாமான்னு வருது டீச்சர். சேரன்மகாதேவிப் பாலத்துக்கிட்ட போனாலே வருது.” கேள்வி கேட்கிற பெண்கள் எல்லோரும் அவனுக்கு டீச்சர்தான். அவனைக் கவனித்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொல்வது, மாத்திரைக்கு மருத்துவரிடம் அனுப்புவது, இரவில் வண்டிச் சாவியை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகச் செய்வது என்று ஹெப்சிபா செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருந்தாள். ஆனாலும் அவன் ஒவ்வொரு புதனும் வருவதுதான் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளுக்குக் கிடைத்த சாட்சி. பகல் பன்னிரண்டு மணி அழைப்புக்குப் பதினொன்று ஐம்பத்தைந்துக்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமை அவனை அழைத்து மற்றவர்களிடம் கேட்டதையே கேட்டாள்.

“ஒரு வாரம்கூட விடாம வாரீங்களே ஐயம்பெருமாள். எது உங்களை வரவைக்குது?”

“என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய. நீங்க உம் கொட்டுதியல்லா, அதான்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “எப்ப?”

“எப்பமும்தான். நான் பேசுதப்பல்லாம். எங்க சம்சாரம்கூட நான் இத எடுத்தா எந்திரிச்சுப் போயிருவா. நீங்க வார்த்தை முடியுத எடத்துல சரியா ஒரு ‘ம்’ போடுவிய. பையத்தான் கேக்கும். ஆனா ஒரு தடவகூட நீங்க விட்டதில்ல.”

அவள் “சரி, புதன்கிழமை பாக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை கணவன் ஜெய்சனை அடுத்த அறையில் கைப்பேசியோடு உட்காரவைத்து, மைக்கை அணைத்துவிட்டுப் பேசிப் பார்த்தாள். நான்கு முறை, நான்கு விதமாக.

“ஒண்ணும் விழல ஹெப்சி. வாய் மட்டும் மீனு மாதிரி அசையுது” என்று ஜெய்சன் கத்தினான். “இருவது வருசமா இந்தப் பட்டன் எங்க இருந்துச்சு? முன்னாலயே கையில கெடச்சிருக்கலாம்.”

அவள் சிரிக்கவில்லை. அவன் எழுந்து வந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். கணினியில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள். கோளாறு இல்லை என்பதுதான் பிரச்சினை என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் சாலமோனிடம் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

“அதிர்ச்சிக்கு அப்புறம் இப்படிக் குரல் கேட்கிறது உண்டு. அது அவரைப் பயமுறுத்துதா?”

“இல்ல டாக்டர். நிம்மதியா இருக்கு அவருக்கு.”

“அப்ப அவசரப்பட்டுத் தொடாதீங்க. அவர் வர்றதே அதனாலன்னா, வரட்டும். வர்றதுதான் இப்ப முக்கியம்.”

“வாறாரு டாக்டர். ஆனா எங்கயும் போய்ச் சேரல.”

அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதினான்கு வாரமும் ஐயம்பெருமாள் அதே பயணத்தைத்தான் சொன்னான். ஆழ்வார்குறிச்சியில் கோமுவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதில் தொடங்குவான். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர் ஊராக வருவான். எந்தத் திருப்பத்தில் எந்த கியர் என்பதைக்கூட விடமாட்டான். முன்னீர்பள்ளம் வரும்போது ஓர் அழைப்புக்கு ஒதுக்கிய ஐம்பது நிமிடம் முடிந்துவிடும். திரை தானாக அணைந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி ஆழ்வார்குறிச்சி. ஊரடங்கில் வெறிச்சோடிக் கிடந்த அந்தச் சாலையில் அன்று முன்னீர்பள்ளம் வரைக்கும் அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவள் இப்போதுதான் கணக்குப் பார்த்தாள். ஏறக்குறைய ஐம்பது நிமிடம். அவன் நடந்ததை நினைவுபடுத்திச் சொல்லவில்லை. ஒவ்வொரு புதனும் அந்த வண்டியை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான்.

புதன் பகல் பன்னிரண்டு. ஐயம்பெருமாள் திரையில் வந்தான். வழக்கம்போல ஆம்புலன்ஸ் டிரைவர் சீட்டில் இருந்தான். வீட்டில் இரண்டு அறைக்கு ஆறு பேர். ஆகவே கடனா ஆற்றுப் பக்கம் வண்டியை மரநிழலில் போட்டு, கைப்பேசியை டாஷ்போர்டில் சாத்திவைத்துப் பேசுவான். அவன் தோளுக்குப் பின்னால் அந்தச் சின்ன ஜன்னல் தெரிந்தது. நான்கு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

“அந்த ஜன்னல் எப்பவும் திறந்துதான் இருக்குமா?”

அவன் திரும்பிப் பார்த்தான். “கொக்கி லூசு டீச்சர். சாத்தினாலும் தானா நகந்துக்கிடும்.” கையால் இழுத்துச் சாத்தினான்.

அவன் பேசத் தொடங்கினான். ஹெப்சிபா மைக்கை அணைத்து, காதில் ஹெட்போனை அழுத்தி வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் சொற்களை மட்டும் கேட்டவள், இன்று சொற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளைக் கேட்டாள். “அம்பை மார்க்கெட் தாண்டிட்டேன்” என்று சொல்லி நிறுத்தினான். ஒரு மூச்சு நேரம். பிறகு தலையை லேசாக அசைத்துவிட்டு, “பாலத்துல ஏறுதேன்” என்றான். மறுபடி இடைவெளி. மறுபடி தலையசைப்பு. ஹெட்போனில் எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் ஒரு மைனா கத்தியது. அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளிகள் எல்லாமே ஒரே அளவில் இருந்தன. ஒரு ‘ம்’ சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு.

கல்லிடைக்குறிச்சி வந்தபோது அவள் மைக்கைத் திறந்தாள். அவன் ஒரு வாக்கியத்தை முடித்தான். அவள் “ம்” என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. இன்னொரு வாக்கியம் சொன்னான். அவள் மறுபடி “ம்” என்றாள்.

“டீச்சர், இன்னைக்கு லைன்ல என்னமோ கோளாறு. ரெண்டு ரெண்டா கேக்கு.”

“ரெண்டா?”

“ஆமா. மொத ஒண்ணு, அதுக்குப் பெறவு ஒண்ணு. எதிரொலி அடிக்கி போல.”

  ஹெப்சிபா சாலமோன் சொன்னதை நினைத்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் இவன் பயந்து இறங்கிப் போகலாம். அடுத்த புதன் வராமல் போகலாம். வராமல் போனால் இவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தால் இவன் வருடக்கணக்கில் இப்படியே முன்னீர்பள்ளம் வரை ஓட்டிக்கொண்டிருப்பான். அவள் பெயரில் வேறு எதுவோ கேட்டுக்கொண்டிருக்கும்.

காமிராவைத் திறந்தாள். பதினான்கு வாரத்தில் முதல் தடவையாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஐயம்பெருமாள், என்னைப் பாருங்க. நீங்க பேசும்போது நான் மைக்கை அணைச்சு வச்சிருந்தேன். எங்களுக்குக் கொடுத்த விதிமுறை அது. தப்பான விதிமுறை. நான் ஒரு நாளும் உம் கொட்டினதில்ல. இன்னைக்குத்தான். நீங்க ரெண்டாவதாக் கேட்டீங்களே, அது மட்டும்தான் நான்.”

  அவன் கை ஸ்டியரிங்கைப் பிடித்தது.

“வண்டிய விட்டு இறங்குறீங்களா? இறங்கி வெளிய நின்னு பேசலாம்.”

“வேண்டாம் டீச்சர்.” குரல் உலர்ந்திருந்தது. “நான் ஒண்ணு சொல்லுதேன். இத நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா லைசென்ச வாங்கி வச்சிருவாங்க. அன்னைக்கு அந்தக்காகிட்ட, தூங்கிராதீங்க யக்கா, நான் கதெ சொல்லுதேன், நீங்க உம் கொட்டிக்கிட்டே வாங்கன்னேன். கொட்டிக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொட்டினா டீச்சர். நான் எறங்கிப் பின்னால போய்க் கதவத் திறந்தேன். டாக்டர் தொட்டுப் பாத்துட்டு அரை மணி நேரம் ஆச்சுங்காரு. சில்லுனு இருக்கா. ஆனா நான் வாசல்ல ‘வந்துட்டோம் யக்கா’ன்னு சொன்னதுக்கும் ‘ம்’முன்னா.”

 தன் மைக் திறந்திருப்பது நினைவுக்கு வந்து ஹெப்சிபா, “சொல்லுங்க” என்றாள்.

“ஊருக்குள்ள என்ன சொல்லுதான்னு தெரியுமா? பொணத்துக்குக் கதெ சொல்லிக்கிட்டுப் போனவன்னு. அதக்கூடத் தாங்கிக்கிடுவேன். மகாராஜா அண்ணாச்சியத்தான் தாங்க முடியல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஷெட்டுக்கு வாராரு. ஏச மாட்டாரு, அடிக்க மாட்டாரு. வண்டிக்கு முன்னால நின்னு, ‘எங்கன வச்சுலே போச்சு?’ங்காரு. தெரியல அண்ணாச்சிங்கேன். சரின்னுட்டுப் போயிருதாரு.”

“அது ஏன் அவருக்குத் தெரியணும்?”

“உயிர் போன எடத்துல கல்லு நட்டு வெளக்குப் போடணும்லா. வயசாகி வீட்டுல போனா வேற. இது வழியில போன உசுரு. எடம் தெரியாட்டா அவங்க எங்கன போய் நிப்பாங்க?” அவன் ஜன்னல் பக்கம் திரும்பாமலே கட்டைவிரலால் காட்டினான். அது மறுபடி நான்கு விரல் அளவு திறந்திருந்தது. “நான் எந்த எடத்தச் சொல்ல? எனக்குத்தான் சத்தம் நிக்கவே இல்லையே.”

அவனுக்கு வேண்டியது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. குற்றமில்லை என்று யாராவது சொல்வது அல்ல. ஓர் இடத்தின் பெயர்.

“ஐயம்பெருமாள், இத்தனை வாரமா ரோட்டைச் சொன்னீங்க. அவங்களுக்குச் சொன்ன கதை என்னன்னு ஒரு நாளும் சொல்லல.”

“அது ஒண்ணுமில்ல டீச்சர். கோட்டித்தனமான கதெ. எங்க பெரியப்பா மக கல்யாணக் கதெ.”

“அதை அவங்களுக்குச் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லுங்க. அவங்க இடையில என்ன சொன்னாங்களோ அதையும் சேத்து. ‘ம்’ மட்டும் வேண்டாம். வேற வார்த்தை வந்திருந்தா சொல்லுங்க. மணி ஆனாலும் பரவாயில்ல. லைன் நின்னுட்டா நான் மறுபடி கூப்பிடுதேன்.”

அவன் தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு தொடங்கினான்.

மாப்பிள்ளை வீடு தூத்துக்குடிப் பக்கம். வேன் டிரைவர் புதியவன். ஆழ்வார்குறிச்சிக்கு வர வேண்டிய வேனை ஆழ்வார்திருநகரிக்கு விட்டுவிட்டான். விடியற்காலம், எல்லோரும் தூக்கம். அங்கேயும் ஒரு மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. இறங்கி உள்ளே போய்விட்டார்கள்.

“இத அம்பை தாண்டுதப்பச் சொன்னேன். அந்தக்கா, ‘பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கலியா?’ன்னா. மூச்சு வாங்கிக்கிட்டேதான் கேட்டா. நான் சொன்னேன், அவங்க இவங்கள மாப்பிள்ள வீட்டு ஒறமொறைன்னு நெனச்சு பன்னீர் தெளிச்சு உக்கார வச்சிட்டாங்க யக்கான்னு. சிரிச்சா டீச்சர். சிரிப்புல இருமல் வந்துட்டு. பேசாதீய, உம் மட்டும் கொட்டுங்கன்னேன்.”

“அது எங்க?”

“கல்லிடைக்குறிச்சி ஸ்டேசன் கிட்ட.” அவன் முகத்தில் ஏதோ விழித்துக்கொண்டது. “வீரவநல்லூர்ல ‘அப்புறம்?’னா. போலீஸ்காரரு தடுப்பு போட்டிருந்தாரு. நான் கண்ணாடிய எறக்கிப் பேசினேன். அவரு கையக் காட்டி விட்டாரு. பின்னால இருந்து ‘அப்புறம்?’னு கேட்டா. நான் கதெய விட்டுட்டேன்னு நெனச்சுக் கேட்டா.”

“அப்புறம் என்ன சொன்னீங்க?”

“மாப்பிள்ளையோட தாய்மாமா இருக்காரே, அவரு நேரா பந்திக்குப் போயிட்டாரு. எலையப் போட்டாச்சு. எல்லாம் வந்தாச்சு. பாயசம் ஊத்துத நேரம், ஒருத்தன் ஓடி வந்து, ‘மாமா, இது நம்ம பொண்ணு இல்ல, எந்திரிங்க’ங்கான். அந்தக்கா கேட்டா…” அவன் நிறுத்தினான்.

“என்ன கேட்டாங்க?” என்றாள் ஹெப்சிபா.

“‘பாயசம் குடிச்சாரா இல்லியா?’ன்னு கேட்டா. நான் பதில் சொல்ல வாயத் தெறந்தேன். ஆடு வந்துட்டு. கெடைக்குப் போற செம்மறிக் கூட்டம். ரோட்ட அடச்சிக்கிட்டு. காருகுறிச்சி தாண்டி, கொளத்தங்கரை வளைவு. நிறுத்தல. ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துக்கிட்டே, ஆரன் அடிச்சுக்கிட்டே போனேன். ஆடெல்லாம் தாண்டின பெறவுதான், ‘குடிச்சிட்டுத்தான் எந்திரிச்சாரு யக்கா’ன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“‘ம்’.”

“சிரிச்சாங்களா?”

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். “இல்ல. அந்தக் கதையிலயே சிரிப்பு அதுதான் டீச்சர். எங்க வீட்டுல சின்னப் புள்ளகூட அந்த எடத்துல சிரிக்கும். அவ ‘ம்’முன்னா. அதுக்குப் பெறவு நான் என்ன கேட்டாலும் ‘ம்’தான். மூச்சு வாங்குதான்னு கேட்டேன், ‘ம்’. தண்ணி வேணுமான்னு கேட்டேன், ‘ம்’. ஒரே மாதிரி. ஒரே அளவுல.”

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பதினான்கு வாரத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஐம்பது நிமிடம் முடிந்து திரை அணைந்தது. அவள் உடனே மறுபடி அழைத்தாள். அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது முறை அவன் எடுத்தான். வண்டிக்கு வெளியே நின்றிருந்தான்.

“கொளத்தங்கரை வளைவு டீச்சர்” என்றான். “அண்ணாச்சிகிட்டச் சொல்லிருதேன்.”

அடுத்த ஒரு வாரமும் ஹெப்சிபா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அவன் மனைவியை அழைத்துக் கேட்டாள். சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்றாள் அவள். மகாராஜாவிடம் வெள்ளிக்கிழமை சொன்னதாகவும், அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டதாகவும் சொன்னாள்.

புதன் பன்னிரண்டு மணிக்குத் திரை திறந்தபோது ஆற்றங்கரை மரம் இல்லை. வண்டியின் முன்கண்ணாடி வழியாகத் தார்ச்சாலையும், அதை ஒட்டி உயரமான குளக்கரையும், கரைமேல் வெயிலில் அசையாமல் நின்ற பனைகளும் தெரிந்தன. ஐயம்பெருமாள் கைப்பேசியை வெளியே பார்த்துத் திருப்பி வைத்திருந்தான்.

“டீச்சர், அண்ணாச்சி இன்னைக்குத்தான் நாள் பாத்தாரு. பகல் உச்சி. நீங்களும் இருக்கணும்னு நான்தான் சொன்னேன்.”

கரைச் சரிவில் ஒரு மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, கழுத்தில் இறக்கிவிட்ட முகக்கவசம். மகாராஜா. மூன்று செங்கலை அடுக்கி அவற்றின்மேல் மஞ்சள் பூசிய ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தார். விளக்கை ஏற்றினார். காற்றே இல்லை. சுடர் நேராக நின்றது. எழுந்து வண்டியருகே வந்து, கைப்பேசியைப் பார்த்துக் கும்பிட்டார். ஹெப்சிபா பதிலுக்குக் கும்பிட்டாள்.

“இவன் சொன்னான்ம்மா, நீங்க கேட்டுக் கேட்டுத்தான் எடம் ஞாபகம் வந்துச்சுன்னு.” அவர் ஐயம்பெருமாள் பக்கம் திரும்பினார். “ஏலே, உன்ன நான் வாரா வாரம் எதுக்குக் கேட்டேன் தெரியுமா?”

“கல்லு நடணும்லா அண்ணாச்சி.”

“எனக்கு எடம் தெரியும்லே. அன்னைக்கே தெரியும்.”

ஐயம்பெருமாள் அவரையே பார்த்தான்.

“பைக்குல உன் பின்னாலயே வந்தேம்லா. இங்கன வச்சு ஆடு அடச்சிச்சு. நீ ஊர்ந்துக்கிட்டுப் போற. ஆடு வண்டியச் சுத்தி மொய்ச்சிக்கிட்டு நிக்கி. அப்பம் பாத்தேன். வண்டிக்குப் பின்கதவுல இருந்து, இந்தக் கரை வரைக்கும், ஆடு ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. ஒரு ஆள் நடக்குத அகலம். கதவு திறக்கல. ஒருத்தரும் எறங்கல. ஆடு மட்டும் ஒதுங்கி நின்னுச்சு, யாரோ பைய நடந்து போறதப் பாத்துக்கிட்டு நிக்குத மாதிரி. எல்லா ஆடும் ஒரே பக்கம் திரும்பி நின்னுச்சுலே. பெறவு மூடிக்கிடுச்சு. ஆடு மேய்ச்சு வளந்தவன் நான். ஆடு சும்மா ஒதுங்காது.” அவர் குரல் உடையவில்லை. “யாருகிட்டச் சொல்ல? சொன்னா கோட்டின்னுவான். நானா எடத்தச் சொல்லக் கூடாது, உன் வாயில இருந்து வரணும்னு இருந்தேன். நீயும் இதே எடத்தச் சொன்னாத்தான் நான் பாத்தது நெசம். இல்லன்னா எனக்குத்தான் புத்தி பெசகிட்டு.”

நான்கு மாதமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாரந்தோறும் பார்த்து, ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு பேசாமல் திரும்பியிருக்கிறார்கள். ஹெப்சிபா இதைத் தன் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கி நிறுத்தினாள்.

மகாராஜா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சின்ன ஜன்னலைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உம் சத்தம் கேட்டுதுன்னு வெள்ளிக்கெழம நீதான சொன்ன. பெறவும் வாரா வாரம் கேட்டுதுன்னு சொன்ன. அவ இங்கனயே எறங்கிட்டால்ல. அப்பம் இதுக்கு அங்கிட்டு உன்கூட வந்தது யாருலே?”

மைக் திறந்தே இருந்தது.  சாலையில் ஒரு வாகனமும் இல்லை.

 ஐயம்பெருமாளின் முகத்தில் பயம் வரும் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். வரவில்லை.

“தெரியாது அண்ணாச்சி. ஆனா ஒரு எடத்துலயும் என்னத் தனியா விடல.”

மகாராஜா கதவிலிருந்து கையை எடுத்தார். பைக்கை எடுத்துக்கொண்டு வீரவநல்லூர்ப் பக்கம் போனார்.

ஐயம்பெருமாள் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினான். தோளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஹெப்சிபா அதைப் பார்க்காமல் அவன் கண்களை மட்டும் பார்த்தாள்.

“ஐயம்பெருமாள், இடம் சொல்லியாச்சு. நீங்க நெனச்சா இத்தோட நிறுத்திக்கிடலாம். அடுத்த புதன் வாரீங்களா?”

“வாரேன் டீச்சர்” என்றான் அவன். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அந்தக் கதெய காருகுறிச்சி வரைக்கும்தான சொல்லியிருக்கேன். இன்னும் ஆஸ்பத்திரி வரைக்கும் பாக்கி இருக்குல்லா.”